வெறுங்குலையும் வண்ணச் சாயமும்

வெள்ளை வேட்டியில் வாழைச்சாறு பட்டால் முதலில் ஒன்றும் தெரிவதில்லை. சற்று நேரம் சென்ற பின்னரே பழுப்பு நிறம் தலைகாட்டும். பிறகு எத்தனை முறை வெளுத்தாலும் அந்தக் கறை போவதில்லை. சாற்றில் உள்ள பீனால் இனப் பொருள்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி நிறம் பெறுகின்றன. நிறம் பெற்றபின் நூலிழையை இறுகப் பற்றிக்கொள்கின்றன. சாயம் என்னும் பொருளுக்கு இவ்விரண்டு தன்மைகளுமே இலக்கணமாகும். நிறமிருந்தும் நூலில் நில்லாதது சாயமாகாது. பீட்ரூட் கிழங்கின் சாறு கண்ணைப் பறிக்கும் சிவப்பாக இருந்தும், பருத்தித் துணியில் இரண்டு சலவைக்கு மேல் நிற்பதில்லை. விரும்பாத இடத்தில் ஏறும் சாயத்தையே கறை என்கிறோம். வேறுபாடு வேதியியலில் இல்லை.

வாழைச்சாற்றில் கறையை உண்டாக்கும் பொருளுக்கு இனமான பொருள், வடசிலாங்கூர்த் தோட்டப்புறங்களில் மலைபோல் குவிகின்ற ஒரு பொருளிலும் உண்டு. அதுவே செம்பனையின் வெறுங்குலை. கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் எண்ணெய் ஆலைக்கு அருகே செல்வோர், பழம் உதிர்ந்த பின் எஞ்சிய நார்க்குலைகளைக் காணாமல் இருக்க முடியாது. அவற்றிலிருந்து துணிக்குச் சாயம் செய்யலாமா என்பது இன்று வேதியியலார் ஆராயும் வினாக்களுள் ஒன்று. செய்யலாம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வாறு செய்த சாயம் எவ்வகைச் சாயம், அதனால் ஆற்றுக்கும் மண்ணுக்கும் என்ன நேரும் என்பவற்றை விளங்கிக்கொள்ளாமல், ‘தாவரச் சாயம்’ என்ற பெயரைக் கேட்ட அளவிலேயே மகிழ்ந்துவிடுவது சரியன்று.

செம்பனையின் கதை இவ்வட்டாரத்துக்கு உரிய கதையே. மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தின் நான்கு கன்றுகள் 1848-இல் ஜாவாவிலுள்ள பொகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. அவற்றின் வழிவந்த விதைகள் சுமத்ராவின் டெலிப் பகுதிக்குப் போய், அங்கிருந்து மலாயாவுக்கு வந்தன. வாணிப நோக்குடன் மலாயாவில் முதன்முதலாகச் செம்பனை பயிரிடப்பட்டது 1917-இல். இடம், கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டம். காப்பிச் செடிகள் பலன் தராது போன நிலத்தில், ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் அதனை நடச்செய்தார். (இவர் பின்னர் மலாயாவைக் களமாகக் கொண்டு ஒரு நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றார்.) பனைக்குப் புகழ்பெற்ற தோட்டத்தின் பெயர் தென்னையைக் குறிக்கும் தமிழ்ச்சொல்லாக அமைந்தது ஒரு வேடிக்கை. 1960-களுக்குப் பின் பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை பரவியபோது, மங்கிலிருந்து பால் எடுத்த கைகள் குலை அறுக்கவும் உதிரிப்பழம் பொறுக்கவும் பழகின.

காசுக்கட்டியின் உறவு

சாயமும் இவ்வட்டாரத்துக்குப் புதியதன்று. சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் கண்டல் காடு இருக்கிறது. கண்டல் மரப்பட்டையைக் காய்ச்சி, அச்சாற்றில் மீன்வலைகளைத் தோய்த்தெடுப்பது தென்கிழக்காசியக் கடற்கரைகளில் பழைய வழக்கம். பருத்தி வலை செம்பழுப்பாவதோடு, உப்புநீரில் விரைவில் இற்றுப்போகாமலும் காக்கப்பட்டது. நைலான் வலை வந்தபிறகு அவ்வழக்கம் அருகிவிட்டது.

இப்பட்டைச் சாற்றின் வற்றலுக்கு ஆங்கிலத்தில் ‘கட்ச்’ என்று பெயர். பிரெஞ்சில் ‘கஷு’ என்பர். இரண்டும் மலாயின் ‘கச்சு’ என்ற சொல்வழி வந்தவை. அதற்கும் மூலம் தென்னிந்திய மொழிகளில் இருத்தல் கூடும் என்பது சொல்லாராய்ச்சியாளர் கருத்து. வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியை அறிந்த தமிழருக்கு அதில் வியப்பில்லை. கருங்காலி இனமரத்தின் வயிரத்தைக் காய்ச்சியும், மலாயாவில் காம்பிர்க் கொடியின் இலையைக் காய்ச்சியும், கடற்கரைகளில் கண்டல் பட்டையைக் காய்ச்சியும் பெற்ற பொருள்கள் அனைத்தும் வாணிபத்தில் ஏறத்தாழ ஒரே பெயரில் உலவின. வேதியியலார் இக்காசுக்கட்டியைச் சூடாக்கிப் பெற்ற எளிய பொருளுக்கு ‘கேட்டகால்’ என்று பெயரிட்டனர். ஆறு கரியணுக்கள் கொண்ட ஒரு வளையம், அதன் பக்கத்தில் இரண்டு கைகள்: இதுவே அதன் அமைப்பு. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருள் இவ்வளையத்தின் உறவினங்கள் ஆயிரக்கணக்கில் பின்னிக் கிடப்பதே ஆகும். ஆகவே, செம்பனைக் குலையின் நாரில் காசுக்கட்டியின் சுற்றத்தார் மறைந்திருக்கின்றனர் என்றால் அது வெறும் உவமையன்று.

நீலத்தின் வழி

இனி, ‘செயற்கைச் சாயம்’ என்பது எங்கிருந்து வந்தது என்று காணவேண்டும். 1856-இல் இலண்டனில் 18 வயது மாணவர் வில்லியம் பெர்க்கின், மலேரியா மருந்தாகிய குவினைனைச் செய்ய முயன்று, அதற்கு மாறாக ஊதா நிறச் சாயம் ஒன்றைக் கண்டார். அவர் கையாண்ட மூலப்பொருள் அனிலின். அது நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்தது. செயற்கைச் சாயத்தின் வரலாற்றை இந்நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவது வழக்கம்.

ஆனால் அதற்கு முப்பது ஆண்டுகள் முன்னரே, 1826-இல், உன்வெர்டோர்பென் என்னும் ஜெர்மானியர் அனிலினை முதன்முதலில் பிரித்தெடுத்தது தாரிலிருந்து அன்று. அவுரியிலிருந்து கிடைக்கும் நீலக்கட்டியைக் காய்ச்சி வடித்தே அதைப் பெற்றார். ‘அனிலின்’ என்ற பெயரும் அவுரி நீலத்தைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லாகிய ‘அனில்’ என்பதிலிருந்து பிறந்தது. அனில் அரபு மொழிவழி வந்தது. அரபுச் சொல்லுக்கு மூலம் ‘நீல’ என்னும் வடசொல். நீலத்தின் பெயரைத் தாங்கிய பொருளே பின்னர் அவுரிக்கு எமனாயிற்று.

நிலக்கரித் தார் மலிவு. 1868-இல் கிரேபெ, லீபெர்மன் என்னும் இருவர், தாரிலுள்ள ஒரு பொருளிலிருந்து அலிசரின் என்னும் சிவப்பைச் செய்தனர். சோழமண்டலக் கரையின் நெசவாளர்கள் சாயவேரிலிருந்து பெற்ற சிவப்பும் இதே அலிசரின்தான். 1897-இல் பாஸ்ஃப் என்னும் ஜெர்மன் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்கு அனுப்பியது. அவ்வாண்டில் உலகில் ஏறத்தாழ 19,000 டன்னாக இருந்த தாவர நீலத்தின் உற்பத்தி, 1914-க்குள் 1,000 டன் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அவுரி வயல்கள் வேறு பயிருக்கு மாறின. பின்னர் நிலக்கரித் தாரின் இடத்தைப் பெட்ரோலியம் பிடித்துக்கொண்டது. இன்று ஆலைகளில் செய்யப்படும் சாயங்களில் மிகப் பெரும்பாலானவற்றின் கரியணு எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்ததே.

மீண்டும் அவுரிக்கே திரும்பிவிடலாமே என்பார் உண்டு. உலகம் இன்று ஆண்டுதோறும் பல பத்தாயிரம் டன் நீலத்தைச் செலவிடுகிறது. அவ்வளவையும் இலையிலிருந்து பெற வேண்டுமானால் நெல்லுக்கும் பயறுக்கும் உரிய நிலம் போய்விடும். திண்டிவனம் பகுதியில் அவுரி இன்றும் பயிராகிறது. அது விரும்பி வாங்குவோருக்கான சிறுதொழில். உலகச் சந்தையின் பசிக்கு அது போதாது. ஆகவேதான், ஏற்கெனவே பயிரான ஒன்றின் எச்சத்திலிருந்து சாயத்துக்கு வேண்டிய கரியணு வளையத்தைப் பெறும் வழி தேடப்படுகிறது. இதில் இலையின் நிறத்தை வடித்தெடுப்பதில்லை. நிறமற்ற எச்சத்தை உடைத்து, அதன் துண்டுகளைக் கொண்டு நிறத்தைப் புதிதாகக் கட்டுகின்றனர்.

சாயம் கட்ட ஏன் வளையம் வேண்டும்? ஒரு பொருள் நிறமுடையதாகத் தோன்றுவது, வெள்ளொளியின் ஒரு பகுதியை அது விழுங்குவதால். ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி நீண்டு அமைந்த கரியணுத் தொடரில் எலெக்ட்ரான்கள் ஓரிடத்தில் கட்டுண்டு கிடப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கும் ஆற்றல் அவற்றுக்கு அதனால் வருகிறது. பென்சீன் வளையம் அத்தகைய தொடரின் ஆயத்தமான துண்டு. இரண்டு வளையங்களைத் தக்க பாலத்தால் இணைத்தால் மஞ்சளோ சிவப்போ பிறக்கும். தொடர் நீள நீள நிறம் நீலத்தை நோக்கி நகரும்.

குலைக்குள் இருப்பது

அறுத்த பழக்குலை ஆலைக்கு வந்ததும் நீராவியில் வேகவைக்கப்படுகிறது. பிறகு சுழலும் உருளையில் மோதிப் பழங்கள் உதிர்கின்றன. பழம் பிழிபடப் போகிறது, குலை வெளியே தள்ளப்படுகிறது. ஒரு டன் பழக்குலைக்கு வெறுங்குலை ஏறத்தாழ 220 கிலோ தேறும். கிடைக்கும் எண்ணெயும் ஏறத்தாழ 200 கிலோதான். வெறுங்குலையில் மூன்றில் இரு பங்கு நீர். உலர்த்தினால் 75 கிலோ எஞ்சும். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 15 கிலோ, லிக்னின். மீதியில் பெரும்பகுதி செல்லுலோசும், அதனினும் எளிதில் உடையும் ஐங்கரியச் சர்க்கரைத் தொடர்களும் ஆகும். மணிக்கு 30 டன் குலை அரைக்கும் ஓர் ஆலை நாளொன்றுக்கு 20 மணிநேரம் ஓடினால், வெறுங்குலை மட்டும் 130 டன்னுக்கு மேல் சேரும்.

செம்பனை லிக்னினுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. பாரா-ஹைட்ராக்சி பென்சாயிக் அமிலம் என்னும் வளையப் பொருள் அதன் ஓரங்களில் தொங்கட்டான்போல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காரநீரில் காய்ச்சினால் எளிதில் கழன்றுவிடும். லிக்னினின் மற்ற வளையங்களை உடைத்தெடுப்பது அவ்வளவு எளிதன்று. எனினும் அது கைகூடாததும் அன்று. நார்வேயில் ஊசியிலை மரத்தின் லிக்னினிலிருந்து வெனிலா மணமூட்டும் வெனிலினை 1962 முதல் ஆலையளவில் செய்துவருகின்றனர். செம்பனைக் குலையின் லிக்னினிலிருந்தும் வெனிலின் பெறலாம் என்பதைப் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் செய்து காட்டியுள்ளனர். மணமாகும் வளையம் வேறு துணைப்பொருளோடு சேர்ந்தால் நிறமாகும்.

வளையங்களை ஒவ்வொன்றாகப் பிரிக்காமலே சாயம் செய்யும் முரட்டு வழியும் ஒன்றுண்டு. அது புதியதும் அன்று. 1873-இல் பிரான்சில் குருவாசோன், பிரெத்தோனியேர் என்னும் இருவர், மரத்தூளையும் தவிட்டையும் கந்தகச் சேர்மத்தோடு சூளையில் வறுத்து, பருத்தியைப் பழுப்பாக்கும் சாயமொன்றைப் பெற்றனர். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘கஷு த லவால்’. லவால் ஊரின் காசுக்கட்டி என்பதே பொருள். கந்தகச் சாயங்கள் என்னும் பெரிய குடும்பத்துக்கு இதுவே மூத்த பிள்ளை. பிற்காலத்தில் அக்குடும்பம் நிலக்கரித் தாருக்கும் பெட்ரோலியத்துக்கும் மாறிவிட்டது. மலிவான கருநிறப் பருத்தித் துணிகளுள் பெரும்பகுதி இன்றும் கந்தகக் கறுப்பில் தோய்ந்தவையே. 2010-களில் ஆர்க்ரோமா என்னும் நிறுவனம், பாதாம் ஓடு, நறுமண இலைச் சக்கை போன்ற வேளாண் எச்சங்களிலிருந்து கந்தகச் சாயங்களைச் செய்து விற்கத் தொடங்கியது. மரத்தூளில் பிறந்த முறை சுற்றிவளைத்து மீண்டும் ஓட்டுக்கும் சக்கைக்கும் வந்திருக்கிறது. நாரும் லிக்னினும் மலிந்த வெறுங்குலைக்கு இம்முறையே நெருங்கியது என்பது தெளிவு. ஆனால் இதில் கிடைப்பவை பழுப்பு, சாம்பல், கறுப்பு போன்ற அடங்கிய நிறங்கள். பட்டுப்புடவைக்கு ஏற்ற மாம்பழ மஞ்சளை இவ்வழியில் எதிர்பார்க்கக் கூடாது.

பளிச்சென்ற நிறங்களுக்குச் சர்க்கரை வழி இருக்கிறது. நாரிலுள்ள செல்லுலோசை உடைத்தால் சர்க்கரை. அதை நுண்ணுயிர்க்கு ஊட்டினால், அது வளையத்தைத் தானே கட்டித்தரும். 1983-லேயே குடல்வாழ் பாக்டீரியா ஒன்றில் வேறோர் உயிரின் மரபணுக்களைப் புகுத்தி நீலம் சுரக்கச் செய்தனர். ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் கோவெஸ்ட்ரோ நிறுவனம் 2024-இல் ஒரு முன்மாதிரி ஆலையை இயக்கியது. அங்கே தாவரச் சர்க்கரையிலிருந்து நுண்ணுயிர்கள் ஓர் இடைப்பொருளைத் தருகின்றன. அதிலிருந்து அனிலின் பெறப்படுகிறது. அந்த இடைப்பொருள் ஆந்த்ரானிலிக் அமிலம். 1897-இல் செயற்கை நீலம் செய்தவர்களும் இதே அமிலத்தின் வழியாகவே நீலத்தை அடைந்தார்கள் என்பது நோக்கத்தக்கது.

ஐங்கரியச் சர்க்கரைகளைப் பற்றியும் ஒருசொல். அவற்றை அமிலத்தில் காய்ச்சினால் ஃபர்ஃபூரல் என்னும் எண்ணெய்ப்பதமான நீர்மம் கிடைக்கும். ‘ஃபர்ஃபூர்’ என்றால் இலத்தீனில் தவிடு. ஓட்ஸ் உமியிலிருந்து இதனை 1922 முதல் அமெரிக்காவில் ஆலையளவில் செய்தனர். இது அனிலினோடு அமிலத்தில் சேர்ந்தால் கண்முன்னே செக்கச்செவேலென்று மாறும். அந்தச் சிவப்பு ஒளியில் நிலைப்பதில்லை; ஆதலால் துணிக்கு உதவாமல் போயிற்று.

பெயரும் பொருளும்

இங்கே சொல் பற்றிய ஒரு சிக்கல் எழுகிறது. இலையிலிருந்து வந்தது இயற்கைச் சாயம், எண்ணெயிலிருந்து வந்தது செயற்கைச் சாயம் என்று பாடநூல்கள் பொதுவாகப் பிரிக்கின்றன. வெறுங்குலையிலிருந்து ஆலையில் கட்டிய நீலம் இவ்விரண்டில் எது? ‘செயற்கை’ என்பது செய்யும் முறையைச் சுட்டும் சொல், மூலத்தைச் சுட்டுவதன்று. ஆகவே இதனைத் ‘தாவர மூலச் செயற்கைச் சாயம்’ என்பதே பொருந்தும். அவுரியிலிருந்து வந்த நீலத்தின் மூலக்கூறும், தாரிலிருந்து வந்ததும், சர்க்கரையிலிருந்து வந்ததும் ஒன்றே. நிறத்தைப் பார்த்தோ தொட்டோ வேறுபாடு காண முடியாது. ஆயினும் ஒரு சான்று உண்டு. அண்மையில் வாழ்ந்த தாவரத்தின் கரியில், கரி-14 என்னும் கதிரியக்க அணு சிறிதளவு இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்துகிடந்த நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் அது முற்றும் சிதைந்துபோயிருக்கும். பழஞ்சுவடிகளின் காலத்தைக் கணிக்கும் அதே முறையால், சாயம் விற்பவர் சொல்வது மெய்யா என்பதை அறியலாம்.

மூலக்கூறு ஒன்றே என்பதில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. தாவரத்திலிருந்து வந்த அனிலினும் அனிலினே. நஞ்சும் அதே நஞ்சு. தாவரச் சக்கையில் செய்த கந்தகச் சாயமும் நீரில் கரைய, சோடியம் சல்ஃபைடு போன்ற துணைப்பொருளை நாடும். அந்நீர் அப்படியே ஆற்றில் விழுந்தால் மீன் பிழைக்காது. அதற்கு மாறாகக் குளுக்கோசைப் பயன்படுத்தும் முறை வந்துள்ளது. அதனைக் கைக்கொள்வது சாயப்பட்டறையின் விருப்பத்தைப் பொறுத்தது. மூலப்பொருள் பசுமையானதாலேயே கழிவுநீர் தூயதாகிவிடாது. திருப்பூரில் நொய்யலாறும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டது, சாயத்தின் மூலம் எது என்பதால் அன்று. தோய்த்தபின் எஞ்சிய உப்பும் நிறமும் நிறைந்த நீரால். அங்கே கழிவுநீரை அறவே வெளிவிடாத நிலையை அடையாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட நேர்ந்தது.

ஆறும் மண்ணும்

வடசிலாங்கூர் இப்பாடத்தை ஒருமுறை கற்றுக்கொண்டதுதான். செம்பனை ஆலைகள் பெருகிய காலத்தில் அவற்றின் கழிவுநீர் மலேசிய ஆறுகள் பலவற்றை மூச்சுத்திணற வைத்தது. 1977-இல் விதிகள் வந்தன. நீரில் உயிர்வளியை உறிஞ்சும் மாசின் அளவு, லிட்டருக்கு 5,000 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று 1978-இல் தொடங்கி, படிப்படியாக இறுக்கி, 1984-இல் 100 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்தனர். ஆலைகளை அடுத்துக் குளங்கள் வெட்டப்பட்டது அதன் பிறகே. சிலாங்கூர் ஆற்றங்கரையில் கம்போங் குவாந்தானின் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒருசேர விளக்கேற்றுவதைக் காண அயல்நாட்டாரும் வருகின்றனர். மின்மினியின் புழு உண்ணும் நத்தை ஆற்றோரச் சேற்றில் வாழ்வது. நீர் கெட்டால் முதலில் அடிபடுவது அதுவே. இத்தகைய ஆற்றின் கரையில் சாயத்தொழில் வருவதாயின், நீர் எங்கே போகிறது என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும்.

அடுத்தது மண். வெறுங்குலையைக் ‘கழிவு’ என்று அழைப்பது அறிக்கை எழுதுவோர் வழக்கம். 2010-இல் மலேசியச் செம்பனைத் தொழிலில் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 8 கோடி டன் திண்ம எச்சம் உண்டானதாக அரசின் உயிர்ப்பொருள் திட்டம் கணக்கிட்டது. இவ்வெண்ணைக் கண்டவர்களுக்கு இவ்வளவும் வீணாகிறதே என்று தோன்றும். உண்மையில் ஓலைகள் மரவரிசைகளுக்கு இடையே கிடந்து மட்கி உரமாகின்றன. பழநாரும் ஓடும் ஆலைக் கொதிகலனுக்கு எரிபொருளாகின்றன. வெறுங்குலை மரத்தடியில் பரப்பப்படுகிறது. முற்காலத்தில் அதனை எரித்துச் சாம்பலை உரமாக இட்டனர். புகையைக் கட்டுப்படுத்தும் விதிகள் வந்தபின் அது நின்றது. ஒரு டன் வெறுங்குலை, ஏறத்தாழ 19 கிலோ மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் உரத்துக்கும் 7 கிலோ யூரியாவுக்கும் ஈடு என்பது மண்ணியலார் கணக்கு. வெயில் நேரத்தில் மண்ணின் ஈரத்தைக் காப்பதும், கடற்கரையை ஒட்டிய நிலங்களில் களிமண்ணை இளக்குவதும் இக்கணக்கில் சேராத நன்மைகள். குலையெல்லாம் சாய ஆலைக்குப் போனால், அந்தப் பொட்டாஷை மூட்டையாக விலைகொடுத்து வாங்கியாக வேண்டும்.

நல்லவேளையாக, சாயத்துக்கு அவ்வளவு குலை தேவைப்படாது. ஒரு ஜீன்ஸ் காற்சட்டைக்கு வேண்டிய நீலம் சில கிராமே. ஓரிரு ஆலைகளின் குலையே ஒரு சாயத் தொழிற்சாலைக்கு மிகுதியாக இருக்கும். ஆகவே ‘மலைபோல் குவியும் கழிவைச் சாயம் தீர்த்துவிடும்’ என்ற பேச்சுக்கு இடமில்லை. சாயம் எடையில் சிறிது, விலையில் பெரிது. குலையைத் தீர்ப்பதற்கு அன்றி, பெட்ரோலியத்தை விட்டு விலகுவதற்கே அது உதவும். அந்த விலையில் தோட்டப்புறத்துக்கு ஏதேனும் சேருமா என்பது, பிரித்தெடுக்கும் வேலை எங்கே நடக்கிறது என்பதைப் பொறுத்தது. குலையைக் கட்டாகக் கட்டி ஏற்றிவிட்டால் லாரிக்கூலிதான் மிஞ்சும். லிக்னினையும் சர்க்கரையையும் ஆலையின் அருகிலேயே பிரித்தால், ஆய்வுக்கூடத்தில் கைப்பழக்கம் பெற்ற இளைஞர்களுக்கு அங்கே வேலை உண்டு.

பொட்டாஷ் பற்றிய கவலைக்கும் வேதியியலில் ஒரு வழி இருக்கிறது. குலையிலுள்ள பொட்டாசியத்தில் பெரும்பகுதி நாரோடு பிணைந்திராமல் அதன் ஈரத்தில் கரைந்தே இருக்கிறது. மரத்தடியில் பரப்பிய குலையின்மேல் மழை பெய்ததும் முதலில் இறங்குவது இதுவே. குலையை நசுக்கி நீரில் அலசினால் பொட்டாசியம் நீரோடு வந்துவிடும். லிக்னினும் செல்லுலோசும் நாரிலேயே தங்கும். அலசிய நீர் மீண்டும் தோட்டத்துக்குப் போகலாம், நார் சாய ஆலைக்குப் போகலாம். கொதிகலனில் எரிக்கவும் அலசிய நாரே நல்லது. அலசாத குலையை எரித்தால் பொட்டாசியம் உருகிக் குழாய்களில் கட்டியாகப் படிந்துவிடும்.